பூல் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் (pool) குறி தவறுவது ஏன்: ஆதிக்கக் கண்ணும் தலை நிற்க வேண்டிய இடமும்

நேர் ஷாட். கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து, அது மோத வேண்டிய இலக்குப் பந்து, மேசை ஓரத்துக் குழியான பாக்கெட் மூன்றும் ஒரே கோட்டில். குனிந்து பார்த்தால் எல்லாம் நேராகத்தான் தெரிகிறது. அடித்தால் பந்து பாக்கெட்டின் வலது முனையில் இடித்து நின்றுவிடுகிறது. மறுபடி வைத்து அடித்தாலும் அதே வலது முனை. தவறுகள் இரு பக்கமும் சிதறி விழுந்தால் பயிற்சி போதவில்லை என்று பொருள். ஒரே பக்கமாக விழுந்தால், கண் நேர் என்று காட்டுவது நேராக இல்லை. அல்லது கை ஒவ்வொரு முறையும் கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, ஒரே பக்கம் இழுக்கிறது. இரண்டில் எது என்று பிரித்தறிய வேண்டும். கண்தான் காரணம் என்றால் தலையை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை முதன்மையாக நம்பும் கண், எது என்று கண்டுபிடித்து, கியூவை அதன் நேர் கீழே வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதி உண்மைதான். ஆதிக்கக் கண் தொடங்குவதற்கான இடத்தைத்தான் காட்டும். உண்மையில் தேட வேண்டியது, நேரான கோடு உங்களுக்கு நேராகவே தெரியும் தலை நிலை. அதைப் பார்வை மையம் என்று சொல்லலாம்.

எவ்வளவு சிறிய பிழை

இந்த ஆட்டத்தில் ஒரு பந்தின் விட்டம் 57.15 மி.மீ. போட்டி மேசைகளில் மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறத்தாழ 115 மி.மீ. ஆகவே பந்தின் மையம் பாக்கெட்டின் நடுவிலிருந்து இரு பக்கமும் சுமார் 29 மி.மீ. வரை விலகலாம். இலக்குப் பந்து பாக்கெட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், அந்த 29 மி.மீ. என்பது 1.6 டிகிரிதான். நேர் ஷாட்டில் வெள்ளைப் பந்து மோதும் இடம் 1 மி.மீ. விலகினால் இலக்குப் பந்தின் திசை 1 டிகிரி மாறும். அதாவது 1.6 மி.மீ. பிழையிலேயே ஷாட் போய்விடும். இலக்குப் பந்தின் ஓரத்தில் மோதி அதைக் கோணத்தில் அனுப்பும் மெலிதான ‘கட்’ ஷாட்டில் நிலைமை இன்னும் மோசம்: 60 டிகிரி கட் ஷாட்டில் அதே 1 மி.மீ. பிழை 2 டிகிரியாகப் பெருகும்.

இப்போது இதை நினைத்துப் பாருங்கள். உங்கள் இரு கண்களுக்கும் இடையே 6 செ.மீ.க்கு மேல் தூரம் இருக்கிறது. 1.6 மி.மீ. துல்லியம் கேட்கும் வேலையை 6 செ.மீ. தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு கண்கள் செய்கின்றன. மூளை இரண்டு படங்களையும் கலந்துதான் ஒரே கோட்டைத் தருகிறது. தலை ஒவ்வொரு ஷாட்டிலும் வேறு வேறு இடத்தில் நின்றால் அந்தக் கலவையும் ஒவ்வொரு முறை மாறும். தலை அரை சென்டிமீட்டர் நகர்ந்ததால் ஷாட் தவறும் என்று சொன்னால் நம்பத் தயங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஆதிக்கக் கண் எது

1. இரு கைகளையும் முன்னால் முழுதாக நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கட்டைவிரல்களுக்கு நடுவே ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை விடுங்கள்.
2. இரு கண்களும் திறந்திருக்க, 3 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சிறிய பொருளை அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள்.
3. கைகளை அசைக்காமல் இடக்கண்ணை மூடுங்கள். பொருள் தெரிந்தால் ஆதிக்கம் வலக்கண்ணுக்கு. மறைந்தால் இடக்கண்ணுக்கு. கண்ணை மாற்றி மூடி உறுதி செய்துகொள்ளுங்கள்.
4. கைகளை இறக்கிவிட்டு, மேல் கீழ் கை மாற்றி வைத்து, ஐந்து முறை செய்யுங்கள். முதல் முயற்சியை மட்டும் நம்பாதீர்கள். ஓட்டை எந்தக் கண்ணுக்கு நேராக வரவேண்டும் என்று கை முன்கூட்டியே முடிவு செய்திருக்கலாம்.

ஐந்தும் ஒரே கண்ணைக் காட்டினால் ஆதிக்கம் வலுவானது. மூன்று ஒரு பக்கமும் இரண்டு மறு பக்கமும் வந்தால் ஆதிக்கம் லேசானது. அப்படிப்பட்டவர்களின் பார்வை மையம் மூக்குக்கு அருகிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பெரும்பாலானவர்களுக்கு, தோராயமாக மூன்றில் இருவருக்கு, வலக்கண்தான் ஆதிக்கம். இது பார்வைக் கூர்மையைச் சேர்ந்த விஷயம் இல்லை. கண்ணாடி எண் அதிகமுள்ள கண்ணும் ஆதிக்கக் கண்ணாக இருக்கலாம். கைப்பழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் இல்லை. வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கம் என்றால் அது குறையே அல்ல. ஸ்னூக்கரில் 1927 முதல் 1946 வரை உலகப் பட்டத்தை 15 முறை வென்ற ஜோ டேவிஸ் வலக்கைக்காரர். வலக்கண் பார்வை மோசமாக இருந்ததால் கியூவை இடக்கண்ணுக்குக் கீழே ஓடவிட்டுத்தான் ஆடினார். ஆதிக்கத்தை மறுபக்கம் மாற்றுகிறேன் என்று ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு பயிற்சி செய்வது வீண் வேலை. தலையை நகர்த்துவது எளிது, பலனும் உடனே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. கண்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போது ஆதிக்கம் கண் விட்டுக் கண் மாறலாம். நிமிர்ந்து நின்று நேரே பார்க்கும்போது வலக்கண் ஆதிக்கமாக இருப்பவர், குனிந்து தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்கும்போது இடக்கண்ணைப் பயன்படுத்துவது உண்டு. நிமிர்ந்து நிற்கும்போது வந்த விடையை அப்படியே குனிந்த நிலைக்கும் எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

பார்வை மையத்தைக் கண்டுபிடிப்பது

தேவையானவை: 1.5 மீட்டர் வெள்ளை நூல், ஒட்டுநாடா, ஒரு செல்போன்.

நூலை மேசை மேல் இழுத்து, இரு முனைகளையும் ஒட்டுங்கள். சாக் கொண்டு துணியில் கோடு போடாதீர்கள், கறை போகாது. தூர முனையில், நூல் முடியும் இடத்தில் போனை உங்களைப் பார்த்து நிறுத்துங்கள். லென்ஸின் நடு நூலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும்; திரையில் நூல் செங்குத்தாகத் தெரிந்தால் போன் சரியாக நிற்கிறது. பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள். முன்பக்கக் கேமரா பல போன்களில் இடவலம் மாற்றிக் காட்டும். அதைக் கவனிக்காமல் தலையைத் தவறான பக்கம் திருத்திக்கொண்டால் பிழை இரட்டிப்பாகும்.

வீடியோவை ஓடவிட்டு, கியூவை நூலின் மேல் படியும்படி பிடித்து, வழக்கமான உயரத்துக்குக் குனியுங்கள். இரு கண்களும் திறந்திருக்கட்டும். தலையை வேண்டுமென்றே 4 செ.மீ. இடப்பக்கம் தள்ளிவிட்டு, அங்கிருந்து மெதுவாக வலப்பக்கம் நகருங்கள். தலை தள்ளி நிற்கும்போது கியூவும் நூலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவதுபோல் தெரியும். நகர நகர அந்தச் சாய்வு குறைந்து, ஓரிடத்தில் கியூ உங்களுக்குக் கீழிருந்து நேரே மேலே ஓடும் ஒற்றைக் கோடாகும். அந்த இடத்தில் இரண்டு விநாடி அசையாமல் இருங்கள். பிறகு வலப்பக்கத்திலிருந்து தொடங்கி இதையே செய்யுங்கள். பக்கத்துக்கு ஐந்து முறை.

வீடியோவில் நின்ற இடங்களை மட்டும் பாருங்கள். கியூவின் கோட்டை மேலே நீட்டினால் முகத்தில் எங்கே வெட்டுகிறது? ஆதிக்கக் கண்ணின் கருவிழியிலா, அந்தக் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலா, மூக்கின் நடுவிலா? பத்து முறையும் அரை சென்டிமீட்டருக்குள் விழுந்தால் உங்கள் மையம் கிடைத்துவிட்டது. இடமிருந்து வந்தபோது ஓரிடத்திலும் வலமிருந்து வந்தபோது வேறிடத்திலும் நின்றால், இரண்டுக்கும் நடுவை எடுத்துக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போங்கள்.

குனியும் உயரமும் முக்கியம். கண்ணுக்குக் கீழே கியூ 40 செ.மீ. ஆழத்தில் இருக்கும்போது தலை 1 செ.மீ. விலகினால், பார்வை ஏறத்தாழ 1.4 டிகிரி சாய்கிறது. கன்னம் கியூவைத் தொடும் அளவுக்குக் குனிந்து, கண் 10 செ.மீ. உயரத்தில் இருந்தால் அதே 1 செ.மீ. 5.7 டிகிரி சாய்வைத் தரும். தாழ்ந்து குனிபவருக்குக் கோடு தெளிவாகத் தெரியும், ஆனால் தலை சிறிது நகர்ந்தாலும் மன்னிப்பில்லை. உயரமாக நிற்பவருக்குப் பிழை சிறிதாகத் தெரியும் என்பதாலேயே அது நீண்ட நாள் பிடிபடாமல் இருக்கும்.

நீங்கள் பார்ப்பது உண்மைதானா: தள்ளிப் பார்க்கும் சோதனை

நேராகத் தெரிவது வேறு, நேராக இருப்பது வேறு. வெள்ளைப் பந்தே இல்லாமல் இதைச் சோதிக்கலாம். எண்ணுள்ள ஒரு பந்தை, எண் வட்டம் உங்களை நேராகப் பார்க்கும்படி மேசையில் வையுங்கள். மேசையில் ஊன்றிக் கியூவைத் தாங்கும் பிரிட்ஜ் கையிலிருந்து அது 30 செ.மீ. தள்ளி இருக்கட்டும். நூல் வேண்டாம். புதிய மையத்தில் தலையை வைத்து, பந்தின் நட்ட நடுவைக் குறி பாருங்கள். சரி என்று தோன்றியதும் கண்களை மூடிக்கொண்டு, கியூவை அடிக்காமல் மிக மெதுவாக முன்னே தள்ளி, கியூவின் நுனியான டிப் பந்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து, எண் வட்டத்தில் டிப் எங்கே தொட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கண்ணை மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திறந்திருந்தால் கை போகும் வழியிலேயே கியூவைத் திருத்திவிடும். குறி தவறியவர்களும் பந்தைப் போடுவது இந்தத் திருத்தத்தால்தான். வேகமான ஷாட்டில் அது எடுபடாது. பத்து முறையில் டிப் ஒரே பக்கம் விலகிக்கொண்டே இருந்தால் தலையை 3 மி.மீ. நகர்த்தி மறுபடி பாருங்கள். எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, அது ஆளுக்கு ஆள் மாறும். விலகல் குறைந்தால் அதே திசையில் தொடருங்கள், கூடினால் எதிர்த் திசை.

கண்ணா, கையா

கோடு போட்ட பந்து ஒன்றை (9 முதல் 15 வரை ஏதாவது) வெள்ளைப் பந்துக்குப் பதிலாக வையுங்கள். பட்டை செங்குத்தாக, ஷாட்டின் திசையிலேயே ஓடும்படி நிறுத்துங்கள். மேசை நீளத்துக்கு மிதமான வேகத்தில் நடுவில் அடியுங்கள். பட்டை ஆடாமல் ஒரே சக்கரம்போல் உருண்டால் டிப் நடுவில் பட்டிருக்கிறது. பட்டை தள்ளாடினால் பக்க ஸ்பின் ஏறியிருக்கிறது.

தள்ளாடினால் உடனே ஸ்ட்ரோக்கைக் குறை சொல்லிவிடாதீர்கள். அடிப்பதற்கு முன் கியூ நிலைகொண்ட நொடியை முன்னாலிருந்து எடுத்த வீடியோவில் நிறுத்திப் பாருங்கள். டிப் அப்போதே நடுவை விட்டு விலகியிருந்தால் கண் ஏமாற்றியிருக்கிறது. நடுவில் இருந்தும் பட்டை தள்ளாடினால் கை இழுத்திருக்கிறது. முழங்கை ஆடுகிறதா, பின்கை கியூவை இறுக்குகிறதா என்று பார்க்க வேண்டியது அப்போதுதான்.

பட்டை சுத்தமாக உருண்டும் பந்து குறி வைத்த இடத்துக்குப் போகவில்லை என்றால், குறியே தவறு.

இடக் கட்டும் வலக் கட்டும்

எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை இது. ஆட்டத் தொடக்கத்தில் பந்துகளை முக்கோணமாக அடுக்கும் புள்ளியான ஃபுட் ஸ்பாட் எந்த அளவு பூல் மேசையிலும் இரு மூலைப் பாக்கெட்டுகளுக்கும் 45 டிகிரியில் இருக்கும், ஏனென்றால் மேசையின் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு. இலக்குப் பந்தை அந்தப் புள்ளியில் வையுங்கள். வெள்ளைப் பந்தை அங்கிருந்து 64 செ.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து 20 செ.மீ. வலப்பக்கம் வையுங்கள். இடது மூலையில் போட வேண்டும். இது சரியாக 30 டிகிரி கட், அதாவது பாதிப் பந்து ஷாட். வெள்ளைப் பந்தின் மையம் இலக்குப் பந்தின் வலது விளிம்பை நோக்கிப் போக வேண்டும். மோதும் நொடியில் வெள்ளைப் பந்து நிற்கும் இடத்தில் ஒரு கற்பனைப் பந்தை நினைத்துக்கொள்ளத் தேவையில்லாமல், கண்ணால் காணக்கூடிய ஒரு விளிம்பே குறியாக இருப்பதால்தான் இந்த ஷாட்டைத் தேர்ந்தெடுப்பது. பத்து முறை அடித்து, ஒவ்வொன்றும் பாக்கெட்டின் எந்தப் பக்கம் போனது என்று எழுதுங்கள். உள்ளே விழுந்ததையும் நடுவிலா, இடம் வலம் உரசியா என்று குறியுங்கள்.

பிறகு கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் மறுபக்கம் மாற்றி, வெள்ளைப் பந்து 20 செ.மீ. இடப்பக்கம், பாக்கெட் வலது மூலை, குறி இடது விளிம்பு. இன்னொரு பத்து.

இரண்டு கட்டுகளிலும் பந்து பாக்கெட்டின் வலப்பக்கமே போனால், அதாவது இடக் கட் தடிமனாகவும் (இலக்குப் பந்தின் நடுவை நோக்கி அதிகமாகவும்) வலக் கட் மெலிதாகவும் (ஓரத்தில் குறைவாகவும்) பட்டால், உங்கள் குறி தொடர்ந்து இடப்பக்கம் விலகுகிறது. இரண்டிலும் இடப்பக்கமே போனால் குறி வலப்பக்கம் விலகுகிறது. இவைதான் தலை நிலையில் உள்ள தவறின் அடையாளம். “எனக்கு வலக் கட் நன்றாக வரும், இடக் கட்தான் வராது” என்று சொல்பவர்களில் பலருக்கு உள்ள பிரச்சினை இதுதான்.

இரண்டு கட்டுகளும் தடிமனாகவே பட்டால் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். வெள்ளைப் பந்தின் மையத்தை விளிம்புக்கு அனுப்பாமல், இலக்குப் பந்தில் தொட வேண்டிய புள்ளிக்கே அனுப்புகிறீர்கள் என்பது ஒரு காரணம். அப்படி அனுப்பினால் எப்போதும் தடிமனாகத்தான் படும். இன்னொரு காரணம் உரசல். மோதும்போது வெள்ளைப் பந்து இலக்குப் பந்தைத் தன் போக்கில் சிறிது இழுத்துச் செல்லும். வெள்ளைப் பந்து உருளாமல் வழுக்கியபடி மோதும் மெதுவான ஸ்டன் ஷாட்டில், பாதிப் பந்து அளவில், பந்துகள் அழுக்காக இருந்தால் இந்த இழுப்பு சில டிகிரி வரை போகும். பந்துகளைத் துடைத்துவிட்டு, உருளும் பந்தாகச் சற்று வேகமாக அடித்துப் பாருங்கள். பிழை குறைந்தால் காரணம் அதுதான்.

தலையை ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குக் கொண்டுவருவது

மையம் எங்கே என்று தெரிந்த பிறகு வரும் சிக்கல் பழக்கம். நிமிர்ந்து நிற்கும்போதே ஷாட்டின் கோட்டுக்கு நேர் பின்னால் ஓர் அடி தள்ளி நில்லுங்கள், பார்வை மையம் கோட்டின் மேல் இருக்கட்டும். வலக்கைக்காரர் என்றால் வலப் பாதத்தைக் கோட்டின் மேல் ஊன்றி, இடப் பாதத்தை முன்னால் வைத்து, கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்காமல் தலையை நேராகக் கீழே இறக்குங்கள். பக்கவாட்டிலிருந்து வளைந்து வந்து குனிந்தால் தலை எப்போதும் வந்த பக்கமே மிஞ்சி நிற்கும்.

தலை இடம் மாறியிருப்பதாகப் பட்டால் கழுத்தை வளைத்துச் சரி செய்யாதீர்கள். வளைந்த கழுத்து நான்கு ஷாட்டுக்குப் பிறகு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எழுந்து, இரு பாதங்களையும் கோட்டை நோக்கியோ விலகியோ 2 செ.மீ. நகர்த்தி, மறுபடி குனியுங்கள். வலக்கையும் இடக்கண் ஆதிக்கமும் உள்ளவர்கள் கியூவைத் தாண்டித் தலையை வலப்பக்கம் கொண்டுவர வேண்டியிருப்பதால், பாதங்கள் கோட்டுக்கு நெருங்கி நின்றால்தான் கழுத்து தளர்வாக இருக்கும்.

இரு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்ந்தால் மையமே இடம் மாறும். தாழ்ந்து குனிபவர்கள் தாடையில் கியூ தொடும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நடுத் தாடையிலிருந்து இத்தனை விரல் அகலம் தள்ளி என்று ஒருமுறை அளந்துவிட்டால், கண் களைத்த பிறகும் தோல் சரியாகச் சொல்லும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்க்க வேண்டாம். கோடு தெளிவாவதுபோல் தோன்றும், ஆனால் தூரம் கணிப்பது கெடும், வேகம் தவறும்.

பயிற்சி வீச்சுகளின்போது பார்வை வெள்ளைப் பந்துக்கும் இலக்குப் பந்துக்கும் மாறி மாறிப் போகலாம். கியூ பின்னால் போய்க் கடைசியாக முன்னே வரும்போது பார்வை இலக்குப் பந்தில், குறி வைத்த அந்த இடத்திலேயே நிலைத்திருக்க வேண்டும், அடித்த பிறகும் ஒரு கணம். ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக், வெள்ளைப் பந்தைத் துள்ளவைக்கும் ஜம்ப், மேசை விளிம்பான குஷனை ஒட்டிய வெள்ளைப் பந்து ஆகியவற்றில் மட்டும் கடைசிப் பார்வை வெள்ளைப் பந்தில் இருப்பது நல்லது. அங்கே டிப் படும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கண்ணாடி அணிபவர்களுக்கு

குனிந்து நிமிர்ந்து பார்க்கும்போது பார்வை லென்ஸின் மேல் ஓரம் வழியாகப் போகிறது. எண் அதிகமான லென்ஸ், மையத்தை விட்டு விலகிப் பார்த்தால் படத்தையே நகர்த்திக் காட்டும். சட்டத்தின் மேல் விளிம்பு ஒரு கண்ணின் பார்வையை மட்டும் மறைத்தால், அந்த ஷாட்டில் ஆதிக்கம் மறு கண்ணுக்குப் போய்விடும். 1985 உலக ஸ்னூக்கர் இறுதியில் ஸ்டீவ் டேவிஸை 18–17 என்று வென்ற டென்னிஸ் டெய்லர், தலைகீழாகப் போட்டதுபோல் தெரியும் பெரிய கண்ணாடியோடு ஆடினார். குனிந்த நிலையிலும் லென்ஸின் சரியான பகுதி வழியே பார்ப்பதற்காகவே அந்த அமைப்பு.

உயரமான, மேல் விளிம்பு இல்லாத சட்டம், ஒரே எண் கொண்ட லென்ஸ் இரண்டும் ஆட்டத்துக்கு ஏற்றவை. கிட்டப் பார்வையும் தூரப் பார்வையும் கலந்த புரோகிரசிவ் லென்ஸில் பக்க ஓரங்கள் கோட்டை வளைத்துக் காட்டும், அதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். மூக்குத் தாங்கிகளைச் சற்று வளைத்தாலே கண்ணாடி சில மி.மீ. மேலே ஏறி நிற்கும். ஒரு கண் தூரத்துக்கும் மறு கண் கிட்டத்துக்கும் என்று கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்களுக்கு, தூரத்துக்கான கண்ணே ஆட்டத்தில் ஆதிக்கம் எடுத்துக்கொள்ளலாம். லென்ஸ் போட்ட நிலையிலேயே சோதனைகளைச் செய்ய வேண்டும். கண்ணாடியோ எண்ணோ மாறினால் நூலையும் போனையும் மறுபடி எடுங்கள். பழைய மையம் புதிய கண்ணாடியில் அரை சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கலாம்.